அக்கா ஏறாத படிக்கட்டு

ரவாங் ரயில் நிலையத்தில், டிக்கெட் இயந்திரங்களைத் தாண்டி, சுவரோரமாக நீளமான இரும்பு பெஞ்சு ஒன்று கிடக்கும். ஒரு வேலை நாளில், காலைக் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு, அந்த பெஞ்சில் என் அக்கா புஷ்பவல்லி உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை. பக்கத்தில் தேநீர்க் குடுவை. எதிர்ச் சுவரில் என்ன இருந்ததோ, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் அவள் அங்கே இருந்திருக்கக் கூடாது. கோலாலம்பூரில் கண் மருத்துவர் முன்னால் இருந்திருக்க வேண்டும்.

வேலைக்குப் போக ரயிலேற வந்த நான் பக்கத்தில் போய் நின்றேன். அக்கா திடுக்கிடவில்லை. நிமிர்ந்து பார்த்து, "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டாள்.

ரயிலை விட்டுவிட்டாயா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அடுத்த ரயில் இப்போது வந்துவிடும், வா, நான் ஏற்றிவிடுகிறேன் என்றேன். அவள் குடுவையைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றி என்னிடம் நீட்டினாள். இஞ்சி தட்டிப் போட்ட தேநீர், ஆறிப்போயிருந்தது. அப்போதுதான் அவள் விடிந்ததிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்கு உறைத்தது.

ரயில் வந்தது, போனது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

மெல்ல மெல்லத்தான் விஷயம் வந்தது. அக்காவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, பல வருடமாக உண்டு. அது கண்ணுக்குள் போய் ரத்தக் கசிவாகிவிட்டது. மாதாமாதம் கண்ணில் ஊசி போட வேண்டும், விட்டால் பார்வை போய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முதல் முறை அவள் மகன் சுகுமாரன் லீவு எடுத்துக் காரில் அழைத்துப் போனான். இரண்டாம் முறை அக்கா தனியாக ரயிலில் போனாள். கோலாலம்பூரில் இறங்கி வேறு ரயிலுக்கு மாற வேண்டும். அங்கே லிஃப்ட்டைப் பழுது பார்க்க மாதக்கணக்கில் மூடியிருந்தார்கள். சாதாரணப் படிகளில் ஏற முழங்கால் இடம் கொடுக்காது. மிச்சமிருந்தது நகரும் படிக்கட்டு. அதன் அடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அக்கா வந்த வழியே திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் ரயிலே ஏறவில்லை. ஊசி போடும் நாளில், தொழிற்சாலைக்குப் போகும் வழியில் சுகுமாரன் நிலையத்தில் இறக்கிவிடுவான். வேலை முடிந்து வந்து ஏற்றிக்கொள்வான். நடுவில் இருக்கும் பொழுது முழுவதும் இந்த பெஞ்சு. ஊசி போட்டாச்சா என்று மகன் கேட்டால், போட்டாச்சு என்பாள்.

"எஸ்கலேட்டருக்கா அக்கா பயந்துட்ட?" என்று கேட்டேன்.

ஆமாம் என்று தலையை ஆட்டினாள். நான் நம்பிவிட்டேன்.

என் வேலை

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் நகரும் படிக்கட்டுகளைப் பராமரிக்கிறவன். கடைத்தொகுதிகளில் படிக்கட்டின் முன்னால் மஞ்சள் தடுப்பு வைத்து, தரைத் தகட்டைத் திறந்து, குழிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும் ஆட்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவன்.

ஆக, ஊரெல்லாம் மக்கள் ஏறிப்போக எஸ்கலேட்டர் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கூடப் பிறந்தவள் அதன் அடியில் நின்று திரும்பி வந்திருக்கிறாள். அன்று முழுவதும் எனக்கு வேலையே ஓடவில்லை.

அதிலும் என் அக்கா பயந்த சுபாவம் உள்ளவள் இல்லை. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் களைக்கு மருந்து அடித்தவள். தொட்டியை முதுகில் கட்டிக்கொண்டு, இடுப்புயரப் புல்லில் இறங்கிப் போவாள். காலடியில் பாம்பு ஓடினால் நின்று வழிவிட்டுவிட்டு மறுபடியும் அடிப்பாள். சுகுமாரன் குழந்தையில் காய்ச்சலில் கிடந்து பிழைத்தபோது நேர்ந்துகொண்டு, தைப்பூசத்தில் பால்குடத்தோடு பத்துமலை ஏறினாள். வெயிலில் காய்ந்த அந்தப் படிகளில் கூட்டம் இடிக்க இடிக்க ஒரு சொட்டுப் பால் சிந்தாமல் போனவளுக்கு, தானாக மேலே தூக்கிப் போகிற படியில் என்ன பயம் என்று எனக்குப் புரியவில்லை.

ஆனால் பயம் எனக்குப் புதிதில்லை. படிக்கட்டின் அடியில் தயங்கி நிற்கிறவர்களை நான் தினம் பார்க்கிறேன். ஒரு காலைத் தூக்குவார்கள், இழுத்துக்கொள்வார்கள். மறுபடி தூக்குவார்கள். குளிர்ந்த ஆற்றில் இறங்கப் போகிறவர்களைப் போல இருக்கும்.

பிராந்தி கொடுத்த கடை

இந்தத் தயக்கத்துக்கு நூறு வயதுக்கு மேலாகிறது. பயிற்சி வகுப்பில் கொஞ்சமும், அதன் பிறகு ஆசையில் தேடிப் படித்தது மிச்சமுமாக இந்த இயந்திரத்தின் கதை எனக்கு ஓரளவு தெரியும்.

முதலில் இது வெறும் காகிதத்தில் இருந்தது. அமெரிக்காவில் ஒருவர் சுழலும் படிக்கட்டு என்று படம் வரைந்து காப்புரிமை வாங்கினார். கட்டவே இல்லை. பல வருடங்கள் கழித்து இன்னொருவர் நியூயார்க் பக்கம் ஒரு கடற்கரைக் கேளிக்கைப் பூங்காவில் சாய்வான பட்டை ஒன்றை ஓடவிட்டார். அதில் படியே கிடையாது. மக்கள் முன்னால் சாய்ந்துகொண்டு நிற்க வேண்டும். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். ராட்டினம் ஏறுவதைப் போல வேடிக்கைக்காக ஏறினார்கள்.

லண்டனில் பணக்காரர்கள் போகும் கடை ஒன்று அதே மாதிரி பட்டையை வைத்தது. மேலே போய்ச் சேர்ந்தவர்களுக்கு மயக்கம் தெளிய ஒருவர் பிராந்தியும் முகர்ந்து பார்க்கும் உப்பும் வைத்துக்கொண்டு நின்றாராம். இதைப் படித்த அன்று நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். தொப்பி போட்ட துரைமார்களுக்கே அந்தக் கதி.

அப்புறம் வேறொருவர் தட்டையான படிகள் வைத்துச் செய்தார். நிற்க வசதி. ஆனால் இறங்கும் இடத்தில் ஆபத்து. பக்கவாட்டில் ஒதுங்கித்தான் கால் வைக்க வேண்டும். பட்டை செய்தவரின் யோசனையில் வரிவரியான பள்ளங்களும், அவற்றுக்குள் பல் நுழைத்து நிற்கும் சீப்பும் இருந்தன. கடைசியில் இவருடைய படியையும் அவருடைய சீப்பையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். இன்றைக்கு நீங்கள் ஏறுவது அந்தக் கலப்பில் வந்ததுதான். முனையில் தரையோடு தரையாகச் சீப்பு மாதிரி ஒரு தகடு தெரியுமே, அது இல்லாவிட்டால் செருப்பும் சேலையும் உள்ளே போய்விடும்.

லண்டன் சுரங்க ரயிலில் முதன்முதலாக இதை வைத்தபோது, ஒற்றைக் காலுள்ள ஒருவரை அதில் ஏறி இறங்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. அவரே போகிறார், நமக்கென்ன என்று மற்றவர்கள் தைரியம் கொள்வார்களாம். உண்மையோ கட்டுக்கதையோ தெரியாது. நெடுங்காலம் படிகள் மரத்தில் இருந்தன. அங்கே சுரங்க நிலையம் ஒன்றில் தீப்பிடித்துப் பலர் செத்த பிறகு, மரம் போய் உலோகம் வந்தது.

இரண்டு ஓரத்திலும் பிரஷ் வைத்திருப்பதைப் பார்த்து, சப்பாத்து துடைக்க என்று நினைத்துக் காலை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது காலை ஓரத்துக்குப் போகவிடாமல் தடுக்க வைத்தது. மஞ்சள் கோடு, சிவப்புப் பொத்தான், எல்லாமே யாரோ ஒருவருக்கு அடிபட்ட பிறகு வந்தவைதான்.

எங்கள் தோட்டத்துக் கதையும் ஒன்று இருக்கிறது. முதன்முதலாகத் தீபாவளிச் சாமான் வாங்கக் கோலாலம்பூர் போய் எஸ்கலேட்டரைப் பார்த்த எங்கள் ஆட்கள், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். மரியாதையா பயமா என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. அந்த வரிசையில் அக்காவும் இருந்தாள். பாவாடை தாவணியில், என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அன்று அவள் பயப்படவில்லை. அதை நான் ரயில் நிலையத்திலேயே நினைத்துப் பார்த்திருக்கலாம்.

திறந்த குழி

மறுநாள் ரவாங்கில் ஒரு சின்னக் கடைத்தொகுதியில் எனக்கு வேலை. கடை திறப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டிய வேலை. காவலாளியிடம் சொல்லிவிட்டு அக்காவை அழைத்துப் போனேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்பது என் கணக்கு.

என்னோடு வேலை செய்யும் ஸுல், தஞ்சோங் காராங் பக்கத்துப் பையனாக வந்து இப்போது மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். அவன் தகட்டைத் தூக்கி வைத்தான். நான் விளக்கடித்துக் காட்டினேன். சங்கிலி, பற்சக்கரம், அடிப்பக்கமாகத் தலைகீழாகத் திரும்பி வரும் படிகள், எண்ணெய் வாடை. ஏதாவது சிக்கினால் சீப்பு அசையும், அசைந்தால் மின்சாரம் நின்றுவிடும் என்றேன். இது நின்றுபோனாலும் வெறும் படிக்கட்டுதான், நடந்தே இறங்கிவிடலாம் என்றேன். சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று காட்டினேன்.

கோயிலில் சொற்பொழிவு கேட்கிறவளைப் போல அக்கா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். நடுவில் ஒன்றே ஒன்று கேட்டாள். மேலே போன படியேதான் கீழே வழியாகத் திரும்பி வருகிறதா? ஆமாம் என்றேன். பாவம் என்றாள்.

நான் பேசி முடித்த பிறகு அவள் குழியை இன்னொரு முறை எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, மிசினுக்கு எனக்கு என்னடா பயம்? மருந்துத் தொட்டி தூக்கினவ. லோரில நின்னுக்கிட்டே வேலைக்குப் போனவ."

"அப்புறம் என்னக்கா?"

"சிரிச்சாங்கடா," என்றாள்.

உருண்ட பழங்கள்

தீபாவளிக்கு முன்னால், வேறொரு பெரிய கடைத்தொகுதியில் நடந்தது அது. சுகுமாரன் காரை நிறுத்தப் போயிருந்தான். அக்கா கையில் இரண்டு பை. ஒன்றில் துணி, ஒன்றில் ஆரஞ்சுப் பழம். கண் ஏற்கெனவே மங்கத் தொடங்கியிருக்கிறது, அவளுக்கே அது தெரியாது. இரண்டு படிகள் சேரும் கோட்டில் காலை வைத்துவிட்டாள். தட்டையாக இருந்தது பிரிந்து ஒன்று மேலே எழும்பியதும் நிலை தடுமாறி உட்கார்ந்துவிட்டாள்.

பெரிதாக அடி இல்லை. ஆனால் பை கிழிந்து பழங்கள் கொட்டின. எல்லாம் கீழே உருண்டன. மேலே போகிற படிக்கட்டில் உருண்டு வரும் பொருள் அடியில் போய் நிற்காது. புதிதாக எழும்பி வரும் படி அதைத் தூக்கும், அது மறுபடி விழும், மறுபடி தூக்கும். அத்தனை பழங்களும் அடியில் குதித்துக்கொண்டே இருந்தன. அக்கா படியில் உட்கார்ந்தபடி, சேலை முழங்காலுக்கு ஏறியிருக்க, மேலே போய்க்கொண்டிருந்தாள்.

ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மேலே துணிக்கடை வைத்திருந்த ஒரு சீனப் பெரியவர் மட்டும் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். யாரோ அதையெல்லாம் போனில் எடுத்திருக்கிறார்கள். இரண்டு நாளில் அந்தப் படம், பாட்டெல்லாம் சேர்த்து, கோயில் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது.

அவளுக்குத் தெரிந்த முகங்கள் எல்லாம் பார்த்தன. பாசாரில் மீன் வாங்கப் போனால், "என்ன புஷ்பா, ஆரஞ்சு வேணாமா?" என்பார்களாம். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று அக்காவே சொன்னாள். நான் அந்தக் குழுவில் இல்லை, எனக்கு மட்டும் யாரும் அதை அனுப்பவில்லை. தம்பி என்பதால் இருக்கும்.

"கோலாலம்பூர்ல அந்த எஸ்கலேட்டர் கிட்ட போய் நின்னேன். பின்னால அவ்வளவு கூட்டம். எல்லாரு கையிலயும் போனு. காலு எழும்பல தம்பி."

இத்தனை வருடத்தில் இந்த இயந்திரத்துக்கு எத்தனையோ பாதுகாப்பு வைத்துவிட்டார்கள். அக்காவுக்கு வேண்டியது அதில் எதுவும் இல்லை.

திரும்பி நின்றவன்

ஸுலுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அக்கா அழுவது தெரிந்தது. என்ன என்று மலாயில் கேட்டான், சுருக்கமாகச் சொன்னேன். அவன் தகட்டைப் பொருத்தினான். திருகாணிகளை முடுக்கினான். இயந்திரத்தை மிக மெதுவான வேகத்தில் ஓடவிட்டான். பிறகு, "காக், உங்கள் இஷ்டம் போல ஏறுங்கள், அவசரமே இல்லை" என்று, அவளை அக்கா என்றே விளித்து, மலாயில் சொல்லிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூடிக் கிடந்த கடைகளின் இரும்புக் கதவுகளைப் பார்த்து நின்றுகொண்டான். தரை துடைத்துக்கொண்டிருந்த நேப்பாளத்துக்காரரும் அவனைப் பார்த்துவிட்டுத் தன் வாளியைத் தூக்கிக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அந்த இடத்தில் பார்க்கிறவர் ஒருவரும் இல்லை. நானும் திரும்பிக்கொண்டேன்.

படி நகரும் சத்தம் மட்டும் கேட்டது. வளையல் கைப்பிடியில் உரசும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பிறகு மேலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"தம்பி, இறங்குறதுக்கு எந்தப் பக்கம் லா?"

அன்று அவள் எத்தனை முறை ஏறி இறங்கினாள் என்று நாங்கள் யாரும் எண்ணவில்லை. கடை திறக்கும் நேரம் வந்து காவலாளி வந்து நிற்கும்வரை ஏறிக்கொண்டிருந்தாள். வியர்த்திருந்தது. கொண்டை அவிழ்ந்திருந்தது. ஸுலுக்குத் தன் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

மருத்துவர் சொன்னது

அன்று மாலை சுகுமாரனிடம் அவளே சொன்னாள். நான் சொல்வதாகச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டாள். பையன் கோபப்படவில்லை. மறுநாள் கோயில் குழுவிலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டான்.

அந்த வாரமே மூவரும் மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் இளம் பெண். வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். திட்டுவார் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். திட்டவில்லை. இடது கண்ணில் போன பார்வை இனி வராது என்றார். வலது கண்ணைக் காப்பாற்றிவிடலாம், ஒரு மாதம்கூடத் தவறக் கூடாது என்றார். அக்கா சரி என்றாள். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு என்னையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் கையை எடுத்துவிட்டாள். நாங்கள் என்ன தெரிகிறது என்று கேட்கவில்லை.

அதற்கடுத்த மாத ஊசிக்கு நான் கூட வருகிறேன் என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. மாதாமாதம் யாராவது கூட வர முடியுமா, தனியாகப் போய்ப் பழக வேண்டாமா என்றாள். நியாயமான பேச்சு. ஆனால் அவள் போன அன்று நான் குழிக்குள் தலையை விட்டிருந்தபோதெல்லாம் போன் அடிப்பது போலவே இருந்தது. எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. மதியம் நானே கூப்பிட்டேன், லைன் போகவில்லை. ஸுல் என் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு, நீ போ, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

பத்தாங் பெர்ஜுந்தாய் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பழக்குலை ஏற்றிய லோரிகள் ஆலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. சமையலறையில் கருப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து, முறத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

போன் என்ன ஆனது என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் அடைத்து வைத்தது, திறக்க மறந்துவிட்டேன் என்றாள். ஊசி போட்டாச்சு என்றாள். எனக்கு உடனே நம்பத் தோன்றவில்லை. அது அவளுக்கும் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றிக் காட்டினாள். வலது கண்ணின் வெள்ளையில் ஊசி பட்ட இடம் சிவந்திருந்தது.

"எஸ்கலேட்டர்?"

"ஏறுனேன்."

நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். அக்கா ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளி ஓரமாகப் போட்டாள்.

"பாதி ஏறுறப்ப பின்னால ஒரு பொண்ணு சிரிச்சா தம்பி. நல்லா சத்தமா."

நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கை நிற்கவில்லை.

"கம்பிய இறுக்கிப் புடிச்சிக்கிட்டுத் திரும்பிப் பாத்தேன். காதுல போன வச்சிக்கிட்டு யாருகிட்டயோ பேசிக்கிட்டு வர்றா. நான் ஒருத்தி நிக்கிறதே அவளுக்குத் தெரியல."

அக்கா முறத்தைத் தட்டிச் சரி செய்தாள். அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

"அவ வீட்டுல என்ன நல்ல சேதியோ," என்றாள்.